பரண் பெட்டி: பிஸ்கட் டின்னில் கிடந்த குதிரைகள்

போன இதழில் பழைய தீப்பெட்டிப் படங்களைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த குதிரை அட்டைகளும் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். தீப்பெட்டியை ஒருத்தரும் சீண்டவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். ஆகவே இந்த மாதம் முழுக்கக் குதிரை.

என் அப்பாருக்கு (தாத்தாவுக்கு) சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். அவர் காலமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 31 சின்ன அட்டைகள். எல்லாமே பந்தயக் குதிரை, மேலே கலர் கலராகச் சட்டை போட்ட ஜாக்கி. அப்பாரு சிகரெட் பிடித்ததில்லை, வெற்றிலை புகையிலைதான். குதிரைப் பந்தயம் பார்த்ததாகவும் சொன்னதில்லை. இதை ஏன் வைத்திருந்தார்? இந்தப் படங்களுக்கு என்னதான் அர்த்தம்? போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பொள்ளாச்சி வாசகி

போட்டோக்களை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன்ம்மா. முதலில் பொருள் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சிகரெட் பொட்டலம் வெறும் காகிதம். சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். அட்டை எப்படியும் போகிறது, அதில் ஒரு படத்தை அச்சடித்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 1880-களில் அமெரிக்காவில் இது பெரிய வியாபாரத் தந்திரமாகிவிட்டது. படத்துக்கு நம்பர் போட்டு, 25 அல்லது 50 சேர்ந்தால் ஒரு செட் என்று வைத்துவிட்டால், 37-ஆம் நம்பர் கிடைக்காதவன் அடுத்த பாக்கெட்டும் அதே கம்பெனியில்தானே வாங்குவான்?

குதிரை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி 1888-லேயே 'உலகப் பந்தய வண்ணங்கள்' என்று 50 அட்டை போட்டது. இங்கிலாந்தில் லிவர்பூல் ஆக்டன்ஸ் கம்பெனி 1906-இல் குதிரை முதலாளிகள், அவர்களுடைய வண்ணங்கள், ஜாக்கிகள் என்று ஒரு செட் போட்டது. உங்கள் டின்னில் 'ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ்' என்று பின்னால் அச்சிட்ட அட்டைகள் 1933-இல் வந்த 'டெர்பி, கிராண்ட் நேஷனல் வெற்றிக் குதிரைகள்' வரிசை. டெர்பியும் கிராண்ட் நேஷனலும் இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயங்கள். அந்த வரிசையில் மொத்தம் 50. உங்களிடம் 17 இருக்கிறது. மீதி 14-உம் வேறு வேறு செட்டிலிருந்து ஒன்றிரண்டாக வந்து சேர்ந்தவை. துரை ஊதித் தள்ளியதை அப்பாரு பொறுக்கி வைத்திருக்கிறார் என்பது என் ஊகம்.

இனி அர்த்தம். அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம். அளந்தால் 36 மில்லிமீட்டருக்கு 68. இத்தனூண்டு இடத்தில் முதலில் கண்ணில் அடிப்பது குதிரையா? இல்லை, ஜாக்கியின் சட்டை. அந்தச் சட்டை ஜாக்கியுடையது அல்ல, குதிரை முதலாளியுடையது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எந்தக் குதிரை யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக 1762-இல் இங்கிலாந்தின் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில் ஜாக்கி கிளப் முதலாளிகளுக்கெல்லாம் வண்ணம் பதிவு செய்யச் சொன்னது. அன்றைக்குப் பதிந்தவர்களில் ஏழு பேர் டியூக் என்றால் கூட்டம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெர்பி பிரபு குடும்பத்துக்குக் கறுப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ராஜாவுக்கு ஊதா உடம்பு, தங்கச் சரிகை, சிவப்புக் கை, கறுப்பு வெல்வெட் தொப்பி. நம் ஊரில் கோயில் தேர்வடம் பிடிப்பதில் எந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை என்று ஒரு வரிசை இருக்கிறதே, அந்த மாதிரி விஷயம். என்ன, அதைத் துணியில் தைத்துக் குதிரை மேல் ஏற்றி ஓடவிட்டார்கள்.

இதை ஒரு மான்செஸ்டர் மில்காரனோ லண்டன் குமாஸ்தாவோ சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறான். ஏழாம் எட்வர்ட் இளவரசராக இருந்தபோது 1896-இல் 'பெர்சிமன்' என்ற குதிரையாலும், ராஜாவான பிறகு 1909-இல் 'மினோரு'வாலும் டெர்பியை ஜெயித்தவர். அந்த ஊதாச் சட்டை ஒரு பாக்கெட் சிகரெட் விலையில் குமாஸ்தாவின் கைக்கு வந்துவிடுகிறது. பெரிய மனுசன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம். புகையிலைக் கம்பெனி விற்றது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு அநியாயமும் இருந்தது. இங்கிலாந்தில் 1906-இல் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடை செய்து சட்டம் வந்தது. மைதானத்துக்கே போய்ப் பணம் கட்டலாம். புக்கியிடம், அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவரிடம், கணக்கு வைத்திருக்கும் கனவான் வீட்டிலிருந்தபடியே தந்தியிலோ டெலிபோனிலோ கட்டலாம். தெருமுனையில் நாலணா மாதிரிச் சில்லறையைச் சீட்டோடு நீட்டுகிற கூலிக்காரனைப் போலீஸ் பிடிக்கும். பந்தயக் கடைகள் சட்டப்படித் திறந்தது 1961-இல்தான். ஆக, அத்தனை வருஷமும் சட்டம் கூலிக்காரனிடம் சொன்னது இவ்வளவுதான்: குதிரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள், அதன்மேல் தெருவில் காசு கட்டாதே.

நம்மவர்களும் இந்தக் கூட்டத்தில் புகுந்தார்கள். கராச்சியில் பிறந்த ஆகா கான் 1930-இல் 'பிளென்ஹைம்', 1935-இல் 'பஹ்ராம்', 1936-இல் 'மஹ்மூத்' என்று டெர்பியை அள்ளினார். அவருடைய சட்டை பச்சையும் சாக்லேட்டும் வளையம் வளையமாக இருக்கும். நடுவில் 1934-இல் ஜெயித்தது குஜராத் பக்கத்து ராஜ்பிப்ளா மகாராஜாவின் 'வின்ட்சர் லாட்'. அந்த வருஷம் எல்லோரும் பணத்தைக் கொட்டியிருந்த குதிரையின் பெயர் 'கொழும்பு'. அது மூன்றாவதாக வந்தது. ஜெயித்த குதிரையை மகாராஜாவிடமிருந்து 50,000 பவுன் கொடுத்து வாங்கியவர் ஒரு புக்கி என்பது எனக்குப் பிடித்த துணுக்கு.

இப்போது உங்கள் அப்பாருக்கு வருகிறேன். 31 அட்டையில் 30 அட்டைகளின் மூலைகள் கூராகவே இருக்கின்றன. ஒன்று மட்டும் நாலு மூலையும் மழுங்கி, ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி, பழுப்பாக இருக்கிறது. அதில் இருப்பது ஒரு வெள்ளைக் குதிரை. பின்பக்கம் கிழிந்திருக்கிறது. கீழே பெயர் இருந்திருக்க வேண்டிய பட்டையை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். ஆக அது எந்தக் குதிரை என்பதற்கு அட்டையில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. ஆனால் 31-இல் உங்கள் அப்பாரு அடிக்கடி கையில் எடுத்தது அதைத்தான்.

இங்கிலாந்துக்காரன் அதை வெள்ளை என்று சொல்ல மாட்டான், சாம்பல் என்பான். பிறக்கும்போது கருமையாகவோ செம்மையாகவோ இருந்து, வயது ஏற ஏற வெளுக்கிற சாதி. டெர்பி தொடங்கிய 1780-லிருந்து இன்றுவரை அந்த நிறத்தில் ஜெயித்தவை நாலே நாலு. 1821, 1912, 1936, 1946. 1936-இல் ஜெயித்ததுதான் முன்பு சொன்ன மஹ்மூத்.

உங்கள் அப்பாரு வெள்ளகோவில்காரர். காங்கேயம் மாடு கண்முன்னே வளரும் ஊர். கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் பூத்த மயிலையாகும். கண்ணபுரம் சந்தைக்குச் சித்திரை மாதம் போனால் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர் முதலில் பார்ப்பது நிறம், அப்புறம் சுழி, அப்புறம் தாய் எது, எந்தப் பொலிகாளைக்கு விழுந்தது என்பது. வெள்ளைக்காரனின் பந்தயக் குதிரையும் அப்படித்தான். 1791-லிருந்து வம்சாவளிப் புத்தகமே வைத்திருக்கிறார்கள். தகப்பன் வழியில் எல்லாக் குதிரையும் மூன்றே மூன்று கிழக்கத்திக் கிடாக்களில் போய் முடியும். (கிடா என்று எழுதியதற்குக் குதிரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். பொலிகுதிரை என்று திருத்திக்கொள்ளுங்கள்.)

துரை அந்த அட்டையில் சட்டையைப் பார்த்திருப்பார். உங்கள் அப்பாரு மாட்டுக்காரர் கண்ணால் மிருகத்தைப் பார்த்திருப்பார். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த படத்தில் ஊர் மயிலை நிற்கிறது. பனி கொட்டும் வால்பாறையில் ராத்திரி தனியாகப் படுத்திருக்கிறவருக்கு அது போதாதா? இதற்கு என்னிடம் சாட்சி ஏதும் இல்லை, மழுங்கிய நாலு மூலையைத் தவிர.

இந்த மாதிரி அட்டைகள் என்னிடமும் இருக்கின்றன. விற்றால் லட்சம் கிடைக்கும் என்று மருமகன் சொல்கிறார். நிஜமா?
— ஈரோடு வாசகர்

மருமகனிடம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். 1930-களின் அட்டைகளைக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் அச்சடித்தன. போதாததற்கு ஒரு பென்னி விலையில் ஆல்பமும் விற்றன. அதனால் ஏராளமானவை பத்திரமாகத் தப்பிவிட்டன. முழு செட், மடிப்பில்லாமல், பின்பக்கம் சுத்தமாக இருந்தால் ஒரு விலை. உதிரி அட்டைக்கு ஒரு காபி டிபன் காசு வந்தால் சந்தோஷப்படுங்கள். 1900-க்கு முந்தையது என்றால் கதை வேறு.

நானே ஏமாந்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரியிடம் 1880-கள் அட்டை என்று ஆறு ஜாக்கி படம் வாங்கினேன். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஜாக்கி கன்னமெல்லாம் சின்னச் சின்னப் பூ வட்டமாகப் புள்ளிகள். காலண்டரில் இருக்கிற அதே புள்ளி. அந்தக் காலத்துக் கல்லச்சுப் படத்தில் புள்ளி கையால் குத்தியது, ஒழுங்கில்லாமல் மணல் இறைத்த மாதிரி இருக்கும். பூ வட்டம் தெரிந்தால் அது மறுபதிப்பு. அந்த ஆறையும் இன்னும் வைத்திருக்கிறேன், பாடத்துக்கு.

கோவை ரேஸ்கோர்ஸில் உண்மையிலேயே குதிரை ஓடியதா?
— பீளமேடு கல்லூரி மாணவர்

ஓடியது தம்பி. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அது பந்தய மைதானம்தான். இன்றைக்குச் சுற்றிவந்தால் இரண்டரை கிலோமீட்டர் வருகிற நடைபாதை வட்டமாக இருப்பது அதனால்தான். இப்போது அங்கே ஓடுவது சர்க்கரை நோய்க்காரர்கள். நானும் கோவை வரும்போது ஒரு சுற்றுப் போவேன், மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் வருவேன்.

இங்கிலாந்துப் பிள்ளைகள் சேர்த்தது சரி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது உண்டா? அட்டை நம் ஊருக்கு வந்ததா?
— தாராபுரத்திலிருந்து ஒரு நூலகர்

வந்தது. வில்ஸ் கம்பெனி இந்தியாவுக்கென்று அனுப்பிய 'சிசர்ஸ்' சிகரெட்டில் அட்டை இருந்தது. அந்தக் கத்தரிக்கோல் படம் போட்ட பாக்கெட்டில் இந்தியப் பட்டாளங்களின் சீருடை வரிசையும் வந்தது, 1914-இல் 25 படத்தோடு 'டெர்பி டே' வரிசையும் வந்தது. கன்டோன்மென்ட் சிப்பாயும் கிளப் துரையும் வாங்குகிற சிகரெட் என்பதால் அந்தத் தேர்வு. நம் தோட்டத்துக்காரர் கைக்கு அது நேராக வந்திருக்க வழியில்லை. நம் பக்கம் வட்டக்கப்பல், மீனம்பாளையம் என்று வாயில் போடுகிற புகையிலை விளைகிற மண். சிகரெட் என்பது கல்யாண வீட்டில் தட்டில் வைக்கிற சமாச்சாரம். அப்புறம் 1940-இல் யுத்தத்துக் காகிதப் பஞ்சத்தில் இங்கிலாந்திலேயே அட்டை நின்றுபோனது.

ஆனால் எங்களுக்கு பாக்கெட் இருந்தது! என் அப்பா காங்கேயத்துக்குப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். 1960-களின் கடைசி. காலிப் பாக்கெட் வேண்டுமென்றால் ஊர்ப் பையன்கள் என்னிடம்தான் வர வேண்டும். அந்த வயதில் நான் கிட்டத்தட்ட ஒரு மிராசுதார். பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்தால் அது 'சிகரெட் அட்டை'. மண்ணில் ஒரு வட்டம் போட்டு ஆளுக்கு இத்தனை என்று நடுவில் அடுக்கி வைப்போம். தூரத்தில் கோடு. கோட்டிலிருந்து சப்பைக் கல்லை வீசி அடுக்கை அடிக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே போனதெல்லாம் அடித்தவனுக்கு.

எல்லா அட்டைக்கும் ஒரே மதிப்பில்லை. சார்மினார் தெருவெல்லாம் கிடக்கும், அதனால் மதிப்பு அடிமட்டம். சிசர்ஸ் கொஞ்சம் மேல். உயரத் தொப்பி வைத்த துரை முகம் போட்ட பாசிங் ஷோ அதற்கும் மேல். கோல்டு பிளேக் எல்லாம் பாங்க் நோட்டு. என் சேக்காளி ஒருவன் ஒரு முழு வெள்ளிக்கிழமை வாரச் சந்தையைச் சுற்றி, மாட்டு வியாபாரிகள் காலடியில் குனிந்து குனிந்து நடந்து, ஒரு வெளிநாட்டுப் பாக்கெட்டைக் கொண்டுவந்தான். அதற்கு எங்கள் கணக்கில் விலையே இல்லை. கடைசியில் எட்டுப் பேர் கூடிப் பேசி ஐநூறு என்று முடிவு செய்தோம். அவன் அதை ஆட்டத்தில் வைக்கவே இல்லை. கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து, கேட்கிறவர்களுக்கு ஒரு கண்ணடி நேரம் காட்டுவான்.

குதிரை எங்களுக்குத் தீப்பெட்டியில் வந்தது. விம்கோவின் குதிரைத்தலைப் படம். வெறும் தலை மட்டும், ஓடவும் இல்லை, மேலே ஆளும் இல்லை. யாருடைய குதிரை என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

இன்றைய பாக்கெட்டில் 85 சதவீதம் புண்ணும் எச்சரிக்கையும்தான். எந்தப் பையனும் பொறுக்கி விளையாட மாட்டான். நல்லதுதான்.

எங்கள் ஊர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் வருஷா வருஷம் குதிரை பார்த்து வளர்ந்தவன் நான். நீங்கள் போன இதழில் போட்டிருந்த பழைய ஓவியத்தில் குதிரை முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் நீட்டிப் பறக்கிறதே, எந்தக் குதிரை அப்படி ஓடும்?
— அந்தியூர் ஆசிரியர் ஒருவர்

எந்தக் குதிரையும் ஓடாது சார். நீங்கள் ஆடி மாதச் சந்தையில் கண்ணால் பார்த்ததை ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தப்பாக வரைந்தார்கள். வேகம் என்றால் நாலு காலும் நீட்டி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதை ஓரம் வரிசையாகக் கேமராக்களை வைத்து, குதிரை கடக்கக் கடக்கப் படமெடுத்தார். நாலு காலும் தரையை விட்டு எழும்புவது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் கால்கள் நீட்டியிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கிச் சுருண்டிருந்தன. ஓவியர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. உண்மையான கால் அவர்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

அட்டை சேர்க்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்த அட்டையில் கால் பறக்கும். போட்டோவைப் பார்த்து வரைந்ததில் கால் மடங்கும். ஒரே செட்டில் இரண்டும் இருந்தால், எந்தக் குதிரை கேமராவுக்கு முந்தையது என்று காலை வைத்தே கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

நம் குயவர் இந்த வம்புக்கே போகவில்லை. அண்ணமார் கோயில் மண் குதிரைக்கு நாலு காலும் தூண் மாதிரி தரையில். சாமி ஏறுகிற வரை அது நிற்க வேண்டுமே.

சிகரெட், குதிரைப் பந்தயம் இரண்டையும் ஒரே பக்கத்தில் கொண்டாடுகிறீர்கள். குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை என்பது நினைவிருக்கட்டும்.
— கோபியிலிருந்து, பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டவர்

நினைவிருக்கிறதுங்க. எங்கள் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. என் சித்தப்பாவுக்கு ஊட்டி சீசன் வந்துவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஏப்ரல் மாதம் கடலைக்காய் விற்ற காசு இடுப்பில் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறும்போது பிளாட்பாரத்தில் ரேஸ் புத்தகம் விரித்திருப்பார். அதில் எந்தக் குதிரையின் தாய் தகப்பன் யார் என்று அவர் பென்சிலால் கோடு போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சொந்தத் தோட்டத்து மாட்டுக்கு அத்தனை கோடு போட்டதில்லை. இரண்டு ஏக்கர் காடு அப்படித்தான் போனது. சித்தி கடைசிவரை குதிரை என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். செஸ் விளையாடும் பேரனிடம்கூட "அந்தக் காயி" என்பார்.

தமிழக அரசு 1974-இலேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு நீண்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம் இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல, திறமை சார்ந்தது என்று சொல்லிவிட்டது. சித்தப்பா அன்றைக்கு இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கரையும் 2024-இல் அரசு எடுத்துக்கொண்டது.

நான் சேர்க்கிற குதிரை அட்டைகளில் தோற்ற குதிரையின் படம் அபூர்வம், காடு விற்றவர் படம் அறவே கிடையாது. கம்பெனிக்குத் தெரியும், எதைப் பாக்கெட்டில் வைக்க வேண்டும் என்று. உங்கள் கடிதத்தை அதனால்தான் சுருக்காமல் போட்டிருக்கிறேன்.

அட்டைகளை எப்படிப் பாதுகாப்பது? ஆல்பத்தில் ஒட்டி வைக்கலாமா?
— பொள்ளாச்சி வாசகி (அதே கடிதத்தின் பின்குறிப்பு)

ஒட்டாதீர்கள். நான் பள்ளிக்கூட வயதில் மைதாப் பசை காய்ச்சி ஒரு நோட்டு முழுக்க ஒட்டினேன். இராமபாணப் பூச்சிக்கு மைதா என்றால் விருந்து. மூன்று வருஷத்தில் ஜாக்கிகள் எல்லாம் சல்லடை.

உங்கள் டின்னில் சில அட்டைகளின் பின்பக்கம் கிழிந்திருப்பதற்குக் காரணமும் பசைதான் என்று தோன்றுகிறது. 1930-களில் வந்த பல அட்டைகளின் பின்னால் தபால்தலை மாதிரி பசை தடவியே வந்தது. ஈரம் பட்டால் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளும். லண்டனில் அது சௌகரியம். ஆனி, ஆடி மழையில் வால்பாறையில் வைத்தால் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும், பிரித்தால் உரிந்து வரும். பிரிக்காமல் ஒட்டியிருப்பவை இன்னும் இருந்தால் ஆவி காட்டாதீர்கள், பிளேடு விடாதீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள். மற்றவற்றை அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பழைய டின் துருப்பிடித்திருந்தால் அட்டையை அதில் திரும்ப வைக்க வேண்டாம், ஆனால் டின்னைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

அந்த மயிலையின் கீழ்ப்பட்டை கத்தரித்தது நேராக, நிதானமாக இருக்கிறது. ஏதோ ஒரு சின்னச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று வெட்டின மாதிரி. இப்படி வெட்டுகிறவர் வெட்டிய துண்டை எறிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. டின்னின் அடியில் விரித்த காகிதம் இருந்தால் அதைக் கிளப்பி, வெள்ளைத் துணி மேல் ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு நகம் அகலத்துக்கு எழுத்து விழுந்தால் உடனே எழுதுங்கள்.